ஒரு முழுப் பழம்

தொசா, ஜூன் 9

சாயோ,

மழைக்காலம் தொடங்கிவிட்டது, அங்கே எல்லாம் சுகமா என்று ஆரம்பிப்பதுதான் கடிதத்துக்கு முறை. எனக்கு இப்போது முறை கிறை எதுவும் வேண்டாம். நேற்று போனைப் பட்டென்று வைத்தது நான்தான். மறுபடி நீ அடித்தாலும் எடுக்க மாட்டேன். எடுத்தால் கத்துவேன், நான் கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் உன் அண்ணி இகுயோ என்னைத் தொலைத்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

பம்பளிமாஸ் தோப்பில் ஏணி மேல் நின்று பிஞ்சு கழித்துக்கொண்டிருந்தேன். "அண்ணா, நீ குடுத்த கிட்னியை என் உடம்பு தள்ளுதாம்"னு சொன்னாய். என்னமோ செருப்பு கடிக்கிறது என்கிற மாதிரி சொன்னாய்! ஏணியிலிருந்து இறங்கத் தெரியாமல் அங்கேயே நின்றேன். இகுயோ வந்து என் காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினாள். நாற்பது வருஷமாக ஏறி இறங்குகிற ஏணி.

நாலு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்த கிட்னி திடீரென்று எப்படிப் பிடிக்காமல் போகும்? அதே வயிற்றைக் கிழித்து எடுத்த பாதிக் கணையம் உன்னிடம் இருக்கிறதே, அது மட்டும் நன்றாக இருக்கிறது என்கிறாய். ஒரே ஆளிடமிருந்து வந்த இரண்டில் ஒன்று சொந்தம், ஒன்று அந்நியமா? எனக்குப் புரியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. மறைக்காமல் சொல். உடம்பு கிட்னியைத் தள்ளாமல் இருக்கப் போடுகிற மாத்திரையை விட்டாயா? "வேலைக்கு ஓடற அவசரத்துல ஒண்ணு ரெண்டு விட்டிருப்பா, பாவம், அவளைத் திட்டாதீங்க" என்கிறாள் இகுயோ. ஒன்று இரண்டா? எனக்கு இடது விலாவுக்குக் கீழே இன்றைக்கும் மழை வந்தால் இழுக்கிறது. போன வருஷம் பார்த்துப் பார்த்து அனுப்பிய பம்பளிமாஸைக் கொண்டுபோய் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் விநியோகம் செய்தவள்தானே நீ? கொடுத்த பொருளைக் காப்பாற்றுகிற புத்தி உனக்கு என்றைக்கு இருந்தது!

எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துத் திருத்த மாட்டேன்.

மினோரு


ஒசாகா, ஜூன் 14

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அப்புறம் எடுத்துத் திரும்பவும் படித்தேன். இதை நிஜமாகவே நீதான் எழுதினாயா என்று கையெழுத்தைப் பார்த்தேன். நீதான். உன்னைத் தவிர வேறு யாரும் இவ்வளவு கோணலாக எழுத மாட்டார்கள்.

நான் ஒரு வேளை மாத்திரைகூட விட்டதில்லை. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியின் அம்மா செத்துப்போய், சாமியார் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, எல்லோரும் குனிந்திருந்த நேரத்தில் வாயில் போட்டுத் தண்ணீரில்லாமல் விழுங்கியிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவள் நான் மிட்டாய் தின்கிறேன் என்று நினைத்து முறைத்தாள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் ஊசியில் கிடந்தவள் நான். பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் குத்திக்கொண்டவள் நான். அந்த இரண்டிலிருந்தும் ஒரே நாளில் என்னை விடுவித்தது நீ கொடுத்தது. அதைப் போய் நான் அலட்சியம் செய்வேனா? உனக்கு எப்படி மனசு வந்தது?

நடந்ததைச் சொல்கிறேன். உன் தலையில் ஏறுமா தெரியவில்லை.

பிப்ரவரியில் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கண்ணாடிச் சட்டத்தில் குட்டித் திருகாணியைப் பொருத்த முடியவில்லை. டாக்டர் நிவா ரத்தம் எடுத்துப் பார்த்தார். "மருந்து உங்க ரத்தத்துல ரொம்ப அதிகமா நிக்குது, சாயோ சான். இப்படியே விட்டா மருந்தே கிட்னியைக் கெடுத்துடும்"னார். அளவைப் பாதியாகக் குறைத்தார். நடுக்கம் நின்றது. ஏப்ரல் தொடக்கத்தில் பார்த்தபோதும் எல்லாம் சரியாகவே இருந்தது. அடுத்த பரிசோதனை மே மாத விடுமுறை வாரத்தில் வந்தது, ஆஸ்பத்திரி அதை மாதக் கடைசிக்குத் தள்ளிவைத்தது. அதற்குள் கால் வீங்கிவிட்டது. ஊசி விட்டுக் கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு அதைத் தாக்கத் தொடங்கியிருக்கிறது என்றார்கள். ரத்தத்தில் மருந்து அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்ததாம். குறைத்த அளவைத்தானே விழுங்கினேன், அது ஏன் இப்படி இறங்கியது என்று டாக்டருக்கே விளங்கவில்லை. அவரும் உன் கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் உன்னைப் போலக் கேட்கவில்லை.

பழத்தைப் பற்றி எழுதினாயே, அதற்கும் கேள். போன வருஷம் நீ அப்படித் திட்டியதால் இந்த வருஷம் நான் யாருக்கும் ஒரு பழம்கூடக் கொடுக்கவில்லை. நீ அனுப்பிய அத்தனை பெட்டியும் எனக்கே. ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் முடியும் வரை தினம் காலையில் ஒன்று. ஒரு சுளை இல்லை அண்ணா, ஒரு முழுப் பழம். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அம்மா எனக்கு ஒரே ஒரு சுளையைத் தட்டில் வைப்பாள். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழுப் பழத்தையும் சாப்பிடுவாய், நான் பார்த்து ஏங்கக் கூடாதென்று. ஆனால் வாசனை முதுகைத் தாண்டி வரும். ஆபரேஷனுக்கு அப்புறமும் மூன்று வருஷம் பயந்தேன், அதனால்தான் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். இந்த வருஷம்தான் தைரியம் வந்தது. முதல் நாள் தோலை உரித்து, கடைசிச் சுளை வரை தின்றுவிட்டு, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். ஏறவே இல்லை. சமையலறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள், பெரிதாகக் கேட்கவில்லை. அதைவிடப் பலமான மருந்து நாளை ஆரம்பிக்கிறார்கள். போன் செய்ய வேண்டாம். எனக்கும் எடுக்க இஷ்டமில்லை.

சாயோ


தொசா, ஜூன் 22

சாயோ,

உன் கடிதத்தை இகுயோ சத்தமாகப் படித்தாள். அந்த முதுகு விஷயம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு வெளியே வேலை இருந்தது, போய்விட்டேன்.

சரி. நீ மாத்திரையை விடவில்லை. நம்புகிறேன். இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

ஆனால் ஒன்று இப்போது பட்டப்பகல் மாதிரித் தெரிந்துவிட்டது. மருந்தைப் பாதியாகக் குறைத்தது யார்? அந்த நிவா! குறைத்துவிட்டு, அது ஏன் குறைந்தது என்று தெரியவில்லையாம். கேட்கிறவன் கேனையனா? நம்ம கூட்டுறவுச் சங்கத் தலைவருக்கு ஒசாகாவில் வக்கீல் ஒருத்தரைத் தெரியும். பேசிவிட்டேன். அந்த டாக்டரை நான் சும்மா விடப்போவதில்லை.

முதல் நாளிலிருந்தே எனக்கு அந்த ஆள் மேல் நம்பிக்கை கிடையாது. ஆபரேஷனுக்கு முன்னால் நம்மை உட்காரவைத்து என்ன கேட்டான், நினைவிருக்கிறதா? "வீட்டுல கிரேப்ஃப்ரூட் சாப்பிடற பழக்கம் உண்டா? இந்த மருந்தோட அது ஆகாது"ன்னு. யாரிடம் கேட்கிறான்! அமெரிக்காவிலிருந்து அந்தப் பழம் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய வருஷம் நம்ம பழம் விலை போகாமல் பள்ளத்தில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினார் அப்பா. சாகிற வரை அந்தப் பழத்தின் பெயரை வீட்டில் சொல்லவிடவில்லை. நான் என்ன சொன்னேன்? "டாக்டர், அந்தச் சனியனை எங்க வீட்டு வாசப்படி மிதிக்க விடமாட்டோம். நாங்க சாப்பிடறது எங்க மரத்துப் பழம் மட்டும்தான்." நீகூடச் சிரித்தாய். அவனும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டான். இவ்வளவு தெளிவாகச் சொன்ன மனுஷர்களுக்கு வைத்தியம் பார்க்கத் தெரியவில்லை அவனுக்கு.

இத்துடன் ஒரு ஜாடி வருகிறது. பழக்காலம் முடிந்துவிட்டதால் இகுயோ தோலைச் சர்க்கரைப் பாகில் போட்டு வைத்ததை அனுப்புகிறாள். தோலில்தான் சத்தெல்லாம் இருக்கிறது. தினம் இரண்டு துண்டு தின்னு. ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடித்தால் யாருக்கு உடம்பு தேறும்? நானே கொண்டுவந்திருப்பேன். இந்த மழையில் தோப்பை விட்டு வர முடியவில்லை.

தின்றாயா என்று எழுது.

மினோரு


ஒசாகா, ஜூன் 29

அண்ணா,

சுருக்கமாக எழுதுகிறேன்.

ஜாடி வந்தது. அண்ணிக்கு என் நன்றியைச் சொல்.

டாக்டர் நிவா விஷயத்தில் எதுவும் செய்யாதே. வக்கீலிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. அவர் மேல் தப்பில்லை. இனிமேல் பழம், தோல், ஜாம், எதுவும் எனக்கு அனுப்பாதே. ஏன் என்று கேட்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், கேட்காதே.

சாயோ


தொசா, ஜூலை 5

ஏய் சாயோ,

உனக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா? இரண்டு வரி எழுதிப் போட்டு, ஏன் என்று கேட்காதே என்றால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன் என்று நினைத்தாயா?

என் கிட்னியை உன் உடம்பு வேண்டாம் என்றது. அது உன் கையில் இல்லை, சரி. இப்போது என் தோப்புப் பழம் வேண்டாம், உன் அண்ணி அடுப்படியில் வெந்து செய்த தோல் வேண்டாம். என் கை பட்டது எதுவுமே வேண்டாமா? கிட்னி போகிறது, கூடவே அண்ணனும் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டாயா? ஒன்று சொல்கிறேன் கேள். இந்தக் கடிதத்தை எழுதியது நீயாக இருந்தாலும், பின்னால் அந்த நிவா நிற்கிறான். உன்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறான். "டாக்டர் மேல் தப்பில்லை"யாம்! நோயாளியே எழுதிக் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டானா?

பதினைந்தாம் தேதி காலைப் பஸ்ஸில் ஒசாகா வருகிறேன். வக்கீலும் வருகிறார். எல்லோர் முன்னாலும் அந்த ஆளைக் கேட்கப்போகிறேன். "என் தங்கச்சி கிட்னியை ஏன்யா கொன்னே?"ன்னு. பதில் சொல்லட்டும்.

நீ தடுக்காதே. தடுத்தால் அண்ணன் இல்லை என்று நினைத்துக்கொள்.

மினோரு


ஒசாகா, ஜூலை 8

அண்ணா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி. அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

சாகும்வரை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ எல்லோர் முன்னாலும் நின்று கேட்கப்போகிறேன் என்கிறாய். அங்கே வேறு யாராவது பதில் சொல்லி நீ கேட்பதைவிட, நான் சொல்லிக் கேட்பது மேல்.

ஜாடி வந்த அன்று மதியம் அதைப் படுக்கைக்குப் பக்கத்து மேஜையில் வைத்திருந்தேன். நல்லவேளை, இன்னும் திறக்கவில்லை. மருந்து விளக்கம் சொல்ல வார்டுக்கு வருகிற பெண் வந்தாள், சின்ன வயசு, பெயர் ஹயாசே. ஜாடியைப் பார்த்ததும், "ஐயோ, என்ன அழகா இருக்கு, எந்த ஊருங்க?"ன்னு கேட்டாள். நான் பெருமையாகச் சொன்னேன், எங்கள் அண்ணன் தோப்பு, தொசா பம்பளிமாஸ், இந்தக் குளிர்காலம் முழுக்கத் தினம் ஒன்று சாப்பிட்டேன் என்று.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை அண்ணா.

"தினம் ஒண்ணா? எப்பலேர்ந்து எப்ப வரைக்கும்?"ன்னு கேட்டாள். சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கிரேப்ஃப்ரூட் வேண்டாம்னு சொல்லியிருப்பாங்களே"ன்னாள். "அதை நாங்க கையால தொடமாட்டோங்க"ன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அது பம்பளிமாஸுக்குப் பிறந்த பிள்ளைதாங்க. அம்மா பழத்துலயும் அதே குணம் உண்டு."

நான் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

அந்தப் பழம் உள்ளே போனால் மருந்து ரத்தத்தை விட்டுப் போகாமல் தேங்கி நிற்குமாம். என் கை நடுங்கியது அதனால்தான். டாக்டர் அளவைக் குறைத்ததும் அதனால்தான். அவர் கணக்கில் தப்பில்லை, கணக்கில் பழம் இருப்பது அவருக்குத் தெரியாது. பழம் தின்றவரை பாதி மருந்தே போதுமானதாக இருந்தது. ஏப்ரல் முடிந்து பழம் தீர்ந்ததும் பாதி மருந்து மட்டும்தான் மிஞ்சியது. என் உடம்பு விழித்துக்கொண்டது. ஒரு மாதம் யாரும் பார்க்கவில்லை.

டாக்டர் நிவாவை அவள் ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். அவர் ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நின்றபடியே இடுப்பு வரை குனிந்தார். "உங்க அண்ணா அன்னிக்குச் சொன்னாரே, எங்க மரத்துப் பழம் மட்டும்தான்னு. என்ன மரம்னு நான் ஒரு வார்த்தை கேக்கலை"ன்னார். நிமிரவே இல்லை. எனக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எவ்வளவு நேரம் அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. என்னைக் காப்பாற்றின கையும் இந்தப் பழத்தைக் கொடுத்த கையும் ஒன்றேதான் என்பது மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த வரியை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும், வரவில்லை. பதினைந்தாம் தேதி வராதே.

சாயோ


தொசா, ஆகஸ்ட் 16

சாயோ,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. பேனாவை எடுப்பேன், வைப்பேன். இகுயோவும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத இகுயோவை நீ பார்த்திருக்க மாட்டாய்.

உன் கடிதம் வந்த அன்று ரம்பத்தை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். அவள் பின்னாலேயே ஓடிவந்து மரத்துக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டாள். "மரம் என்னய்யா பண்ணுச்சு உங்களை?" என்றாள். ரம்பத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வக்கீலுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னது அவள்தான். டாக்டர் நிவாவுக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அவரும் எனக்கு எழுதியிருக்கிறார். இரண்டும் தபாலில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும்.

உன்னை எவ்வளவு மிரட்டினேன் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பழத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாயே என்று திட்டினேன். மூன்று வருஷம் உன் கிட்னியைக் காப்பாற்றியது அந்த அக்கம்பக்கம்தான். நான் திட்டாமல் இருந்திருந்தால் இந்த வருஷமும் நீ கொடுத்திருப்பாய். "சாப்பிட்டியா, சாப்பிட்டியா"ன்னு குளிர்காலம் பூரா போனில் அரித்தேன். என் கையாலேயே கொடுத்து, என் வாயாலேயே கெடுத்தேனே! தலை வெடித்துவிடும் போலிருக்கிறது.

இறந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிற ஓபோன் நாட்கள் இன்றோடு முடிகின்றன. அப்பா அம்மாவை வரவேற்கப் பூஜை மாடத்தில் பழம் வைக்க வேண்டுமே என்று பதின்மூன்றாம் தேதி கடைக்குப் போனேன். ஏன் செய்தேன் என்று கேட்காதே, அந்த அமெரிக்கப் பழம் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டேன். பின்னால் நின்ற சங்கத் தலைவர் பார்த்துவிட்டு, "மினோரு, கண்ணு தெரியலையா? அது அவனுங்க பழம்யா!"ன்னார். "தெரியும்யா, எங்க வீட்டுப் பேரன்தான்"னேன். மனுஷர் வாயைப் பிளந்தபடி நின்றார்.

வீட்டுக்கு வந்து அப்பா படத்துக்கு முன்னால் அதை வைத்தேன். அவர் அடித்து விரட்டுவார் என்றே தோன்றியது. "அப்பா, இவனும் நம்ம மரத்துக்குப் பிறந்தவன்தானாம். நமக்குத் தெரியலை. தெரியாததால சாயோ கிட்னி போகப் பாக்குது"ன்னு சொன்னேன். இகுயோதான் ஊதுவத்தியை ஏற்றினாள்.

நான் வந்து உன்னைப் பார்க்க வேண்டும். ஆனால் எந்த முகத்தோடு வருவேன்? எதைக் கொண்டுவருவேன்? ஒரு வீட்டு வாசலைக்கூட நான் வெறுங்கையோடு மிதித்தவன் இல்லை, உனக்கே தெரியும். ஆபரேஷன் அன்றைக்கு எனக்கு ஊசி போட வந்த நர்ஸுக்குக்கூட ஒரு பழம் வைத்திருந்தவன் நான். இப்போது என்னிடம் இருக்கிற எதைத் தொட்டாலும் பயமாக இருக்கிறது. இஞ்சி கொண்டுவரலாமா? அரிசி? ஏதாவது ஒன்று சொல், அந்த மருந்துக்காரப் பெண்ணிடம் கேட்டுச் சொல். இன்னொரு கிட்னி எனக்கு இருக்கிறது, அதை எடுக்க மாட்டார்களாம். விசாரித்துவிட்டேன்.

கிட்னி எப்படி இருக்கிறது? அதை எழுதாமல் வேறெதையும் எழுதாதே.

மினோரு


ஒசாகா, ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெயில் இன்னும் தணியவில்லை, தொசாவில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பார்த்தாயா, முறைப்படி ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் ஒருத்தராவது ஒழுங்காக இருக்க வேண்டாமா?

கிட்னி போய்விட்டது அண்ணா. மருந்து எதுவும் அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. நேற்று டாக்டர் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து மறுபடி டயாலிசிஸ். இடது கையில் முன்பு ரத்தக்குழாயை இணைத்த பழைய இடத்திலேயே குத்துவார்களாம், அது இன்னும் வேலை செய்கிறது. அவர் சொல்லும்போது நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் எனக்கு உறைக்கவில்லை. குளிக்கும்போது வயிற்றில் கை வைத்து, இங்கேதானே இருக்கிறாய் என்று அதைக் கேட்டேன்.

ஆனால் உன் பாதிக் கணையம் அசையவில்லை. எப்படி என்று டாக்டருக்கே ஆச்சரியம், ஒன்று போனால் மற்றதும் கூடவே போவதுதான் பெரும்பாலும் நடக்குமாம். இது பிடிவாதமாக நிற்கிறது. யாருடைய பிடிவாதம் என்று எனக்குத் தெரியும். அதற்காக மருந்து ஆயுசுக்கும் உண்டு, பம்பளிமாஸ் ஆயுசுக்கும் கிடையாது. இன்று காலை ஒரு கிண்ணம் சோறு முழுசாகச் சாப்பிட்டேன். இன்சுலின் இல்லை, ஊசி இல்லை. விரலில் குத்திப் பார்த்தேன், உன்னுடைய சர்க்கரை எப்படியோ என்னுடையதும் அப்படியே.

அந்த முழுப் பழங்களுக்காக வருத்தப்படாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முப்பது வருஷம் ஒற்றைச் சுளைக்கு உட்கார்ந்திருந்தவள் நான். என்ன ஆகும் என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன், சத்தியமாக. ஆனால் தின்ற நாளெல்லாம் சந்தோஷமாகத் தின்றேன். அது பொய் இல்லை.

அப்புறம், என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டிருந்தாய். ஹயாசேவிடம் கேட்டேன். இஞ்சி, அரிசி எல்லாம் கொண்டுவரலாமாம். வேண்டாம். நீ எனக்குக் கொண்டுவந்து கொடுத்ததில் பாதி இன்னும் இங்கேதான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை முதல் நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. காலைப் பஸ்ஸைப் பிடி. வார்டு வாசலில் எல்லோரும் பார்ப்பார்கள், உனக்கு வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

வெறுங்கையோடு வா.

சாயோ